ஈ வகுப்புப் பெருக்கியில் 3.9 வாட் எங்கே போகிறது? (40 மீட்டர், 5 வாட் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர்)

மோர்ஸ்விசை | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாகத் தூங்கவிடாத ஒரு சிக்கலோடு வந்திருக்கிறேன்.

7.030 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சிறிய மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் கட்டினேன். இறுதிக் கட்டம் ஈ வகுப்பு (டிரான்சிஸ்டரைச் சுவிட்சாக இயக்கும் பெருக்கி), ஒற்றை ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். அதன் கேட்டை (கட்டுப்பாட்டு முனையை) ஓட்டுவது 5 வோல்ட்டில் இயங்கும் 74ஏசி04 லாஜிக் சில்லு. அதன் வாயில்களை இணையாகச் சேர்த்திருக்கிறேன். ஈ வகுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயனுறுதிறன் கிடைக்கும் என்று படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கிடைத்தது இதுதான். விசையை அழுத்திப் பிடித்தால் மின்வழங்கியில் 12.0 வோல்ட், 0.71 ஆம்பியர். அதாவது 8.5 வாட் உள்ளே போகிறது. டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் வைக்கும் தடையத்தில்) 4.6 வாட் வருகிறது. 54 விழுக்காடு. மீதி 3.9 வாட் வெப்பம். ஹீட் சிங்கில் விரலை மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

டிரான்சிஸ்டரின் உள்தடைதான் குற்றவாளி என்று நினைத்து ஐஆர்எஃப்540 வாங்கி மாட்டினேன். 510-இன் தடை 0.54 ஓம், 540-இன் தடை 0.077 ஓம். ஏழில் ஒரு பங்கு! வெற்றி நிச்சயம் என்று விசையை அழுத்தினால் வெளியீடு 2 வாட்டாக விழுந்தது. 74ஏசி04 தொட முடியாதபடி கொதித்தது. குறைந்த தடை உள்ளதைப் போட்டால் ஏன் மோசமாகிறது? இதைவிடப் பெரிய ஹீட் சிங்க் வாங்குவதா, அல்லது இந்த வகுப்பையே கைவிடுவதா?

---

பழையவால்வு | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, கைவிடலாம். 807 வால்வைச் சி வகுப்பில் வைத்து 70 விழுக்காடு எடுத்தவன் நான். அலைகாட்டி கிடையாது, கணினிக் கணக்கு கிடையாது. ஆனோடு மின்னோட்டம் குறையும் இடத்துக்குச் சுழல்தேக்கியைத் திருப்பினால் வேலை முடிந்தது. நீங்கள் 54-க்கு மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

---

ஐந்தொகை | ஞாயிறு, இரவு 11:02

மோர்ஸ்விசை, ஹீட் சிங்க் வாங்க வேண்டாம். ஒழுகுகிற பானைக்கு அடியில் பெரிய பாத்திரம் வைப்பது போலாகிவிடும்.

முதலில் 540 ஏன் காலை வாரியது என்று பார்ப்போம். மாஸ்ஃபெட்டில் உள்தடை குறைய வேண்டுமானால் சிலிக்கான் பரப்பு கூட வேண்டும். பரப்பு கூடினால் மின்தேக்கமும் கூடும். இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. தரவுத்தாளில் 510-இன் மொத்தக் கேட் மின்னூட்டம் அதிகபட்சம் 8.3 நானோகூலோம். 540-க்கு 72. இந்த மின்னூட்டத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை நிரப்பிக் கொட்ட வேண்டும். நொடிக்கு 70 லட்சம் முறை. 10 வோல்ட்டில் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால்:

510: 8.3 நானோகூலோம் × 10 வோல்ட் × 7.03 மெகாஹெர்ட்ஸ் = 0.58 வாட்
540: 72 நானோகூலோம் × 10 வோல்ட் × 7.03 மெகாஹெர்ட்ஸ் = 5.06 வாட்

5 வாட் ஒலிபரப்ப, கேட்டைத் தட்டுவதற்கு மட்டும் 5 வாட். உங்கள் 74ஏசி04 கொதித்ததில் வியப்பில்லை. கொதித்தும் அது கேட்டை முழுதாக நிரப்பியிருக்காது.

இரண்டாவது, வெளியீட்டு மின்தேக்கம். 510-க்கு 25 வோல்ட்டில் 81 பிகோஃபேரட், 540-க்கு 560. ஈ வகுப்பில் டிரெயினுக்கும் (டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனைக்கும்) தரைக்கும் நடுவே உள்ள மின்தேக்கிதான் உயிர்நாடி. உங்கள் திறனுக்கும் அலைவெண்ணுக்கும் அது ஏறக்குறைய 320 பிகோஃபேரட் இருக்க வேண்டும். 540-ஐ மாட்டினால் வெளியே எதுவும் வைக்காமலேயே எல்லை தாண்டிவிடுகிறது.

மின்வழங்கிகளில் 100 கிலோஹெர்ட்ஸில் மாஸ்ஃபெட் தேர்ந்தெடுத்துப் பழகிய கண், தடையைத்தான் முதலில் பார்க்கும். 7 மெகாஹெர்ட்ஸில் மின்தேக்கத்தையும் கேட் மின்னூட்டத்தையும் பார்த்துவிட்டுத் தடையைக் கடைசியில் பாருங்கள்.

510-ஐயே திரும்ப மாட்டுங்கள். பிறகு மூன்று விவரங்கள் வேண்டும்: டிரெயின் அலைவடிவம் எப்படி இருக்கிறது, ஒவ்வொரு பாகமும் என்ன வகை, வெளியீட்டுத் திறனை எப்படி அளந்தீர்கள்.

---

மோர்ஸ்விசை | திங்கள், காலை 6:20

மிக்க நன்றி அம்மா. வேலைக்குக் கிளம்பும் முன் அளந்துவிட்டேன்.

டம்மி லோடு: 1 கிலோஓம் தடையங்கள் இருபது இணையாக, 50 ஓம். லோ பாஸ் ஃபில்டருக்கு (உயர் அலைவெண்களைத் தடுக்கும் வடிகட்டிக்கு) பிறகு, டயோடு உச்ச அளவியில் 21.4 வோல்ட் (டயோடின் இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டது). 21.4-ஐ இருமடி செய்து 100-ஆல் வகுத்தால் 4.58 வாட்.

டிரெயின் அலைவடிவம்: அரை வட்டம் போல் எழுகிறது, உச்சி தாண்டி இறங்குகிறது. ஆனால் பூஜ்யத்தைத் தொடுவதில்லை. 18 வோல்ட் இருக்கும்போதே டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கி, மலைமுகட்டிலிருந்து குதிப்பதுபோல் செங்குத்தாகக் கீழே விழுகிறது. பிறகு சிறு நடுக்கம்.

பாகங்கள்: டிரெயின் மின்தேக்கி 330, தொடர் மின்தேக்கி 390 பிகோஃபேரட். இரண்டும் பழுப்பு நிற வட்டத்தட்டு செராமிக், 500 வோல்ட், மேலே ஒய்5பி என்று அச்சிட்டிருக்கிறது. சுருள் 2.2 மைக்ரோஹென்றி, தடையத்தைப் போலவே வண்ணப்பட்டை போட்ட வார்ப்புச் சுருள். தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க மின்வழங்கிப் பாதையில் ஒரு 1என்4007 டயோடு.

---

பொட்டல்காடு | திங்கள், காலை 7:45

அலைகாட்டியின் ஆய்வுமுனை ஒன்றுக்கு ஒன்று நிலையில் இருந்ததா, பத்துக்கு ஒன்று நிலையிலா? அதன் தரைக்கம்பி எவ்வளவு நீளம்? ஒன்றுக்கு ஒன்று நிலையில் வைத்தால் அதன் மின்தேக்கமே சுற்றைக் கெடுத்துவிடும். பத்துக்கு ஒன்றிலும் 10 முதல் 15 பிகோஃபேரட் சேரும். முதலைவாய்க் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையருகே ஒரு சிறு கம்பிச் சுருளைச் சுற்றித் தரையைத் தொடுங்கள். உங்கள் ‘சிறு நடுக்கத்தில்’ பாதி அந்தத் தரைக்கம்பியின் நடுக்கமாக இருக்கலாம்.

---

மோர்ஸ்விசை | திங்கள், காலை 7:58

பத்துக்கு ஒன்றுதான். தரைக்கம்பி ஒரு சாண். இரவு மாற்றிப் பார்க்கிறேன் அண்ணா.

---

ஐந்தொகை | திங்கள், இரவு 8:30

பாகங்களின் பட்டியலைப் படித்தவுடன் பாதி விடை வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டைத் திருத்தியவள் நான். நேராகக் கணக்குக்கே போகிறேன்.

முதலில் அந்த 18 வோல்ட் பள்ளம். ஈ வகுப்பின் சாரமே, சுவிட்ச் மூடும் கணத்தில் அதன் குறுக்கே மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது. மின்னழுத்தத்தின் சரிவும் பூஜ்யமாக இருந்தால் இன்னும் நல்லது; அப்போது மின்னோட்டமும் பூஜ்யத்திலிருந்து மெல்ல எழும். சுமைச் சுருளும் மின்தேக்கிகளும் சேர்ந்து டிரெயினின் மின்னழுத்தத்தைத் தாமாகவே கீழே இறக்கிவிட வேண்டும். அது இறங்கி முடிக்கும் வரை டிரான்சிஸ்டர் பொறுத்திருக்க வேண்டும்.

நேதன் சோகலும் ஆலன் சோகலும் 1975-இல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இதுதான். ஜெரால்ட் யூயிங் 1964-லேயே ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதே சுற்றைத் தொட்டிருந்தார். ஆனால் இதற்குப் பெயரும் வடிவமைப்பு விதிகளும் கொடுத்து மற்றவர்கள் கட்டும்படி செய்தவர்கள் சோகல்களே.

உங்கள் சுற்றில் 18 வோல்ட் மிச்சம் இருக்கும்போதே சுவிட்ச் மூடுகிறது. மின்தேக்கியில் இருந்த ஆற்றல் முழுவதும் டிரான்சிஸ்டருக்குள் எரிகிறது. வெளியே 330, உள்ளே ஏறக்குறைய 100, மொத்தம் 430 பிகோஃபேரட். பாதி × 430 பிகோஃபேரட் × 18-இன் இருமடி × 7.03 மெகாஹெர்ட்ஸ் = 0.49 வாட்.

டிரான்சிஸ்டரின் சொந்த மின்தேக்கத்தை நீங்கள் கழிக்க மறந்திருக்கிறீர்கள். எல்லோரும் முதல் தடவை மறப்பதுதான். டிரெயின் மின்தேக்கம் கூடினால் அலைவடிவத்தின் பள்ளம் மேலே எழும், வலப்பக்கமும் நகரும். உங்கள் அலைகாட்டி அதைத்தான் காட்டுகிறது.

இப்போது 8.5 வாட்டுக்கு ஐந்தொகை போடலாம். எல்லாம் தோராயம், ஆனால் தோராயமே போதும்.

பாதுகாப்பு டயோடு: 0.8 வோல்ட் × 0.71 ஆம்பியர் = 0.57 வாட். பெருக்கிக்குள் நுழையும் முன்பே சுங்கச்சாவடி!

வார்ப்புச் சுருள்: 2.2 மைக்ரோஹென்றிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் எதிர்வினைப்பு (மாறுமின்னுக்கு அது காட்டும் எதிர்ப்பு) 97 ஓம். இந்த வகைச் சுருளின் தரக்காரணி (எதிர்வினைப்பு ÷ இழப்புத் தடை) 45 அளவில்தான் இருக்கும். ஆக 2.2 ஓம் இழப்புத் தடை. சுருளில் ஓடுவது 0.58 ஆம்பியர். 0.73 வாட்.

தொடர் மின்தேக்கி: ஒய்5பி செராமிக்கின் இழப்புக் காரணி 0.025 வரை போகலாம். எதிர்வினைப்பு ஏறக்குறைய 58 ஓம், அப்படியானால் இழப்புத் தடை 1.45 ஓம். 0.49 வாட்.

டிரெயின் மின்தேக்கி: அதே வகை. அதில் ஓடும் மின்னோட்டம் சற்றுக் குறைவு. 0.28 வாட்.

மேலே சொன்ன 18 வோல்ட் பாய்ச்சல்: 0.49 வாட்.

லோ பாஸ் ஃபில்டர்: 0.3 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 0.35 வாட்.

கூட்டினால் 2.91. மீதி ஏறக்குறைய 1 வாட். அது டிரான்சிஸ்டரின் உள்தடையில். ஆனால் 0.54 ஓமுக்கு அவ்வளவு வராது. ஈ வகுப்பில் உள்தடை இழப்பு, வெளியீட்டுத் திறனில் 1.365 × உள்தடை ÷ சுமைத்தடை. உங்கள் சுமைத்தடை ஏறக்குறைய 15 ஓம். 1 வாட் எரிய வேண்டுமானால் உள்தடை 2 ஓமுக்கு மேல் இருக்க வேண்டும்.

எப்படி 2 ஓம் ஆனது? தரவுத்தாளில் 0.54 ஓம் என்பது கேட்டில் 10 வோல்ட் கொடுக்கும்போது. நீங்கள் கொடுப்பது 5. இந்த மாஸ்ஃபெட்டின் தொடக்க மின்னழுத்தமே 2 முதல் 4 வோல்ட் வரை இருக்கலாம். கதவை ஒருச்சாய்த்துத் திறந்துவிட்டு வாசல் குறுகல் என்கிறீர்கள்!

---

மலையேறி | திங்கள், இரவு 9:10

இந்தச் சுருள் விஷயத்தில் எனக்கும் அடி விழுந்திருக்கிறது. கணக்கில் வருவதும் 2.2, கடையில் கிடைப்பதும் 2.2 என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். டம்மி லோடில் முப்பது நொடி விசையை அழுத்துங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, உடனே ஒவ்வொரு பாகத்தையும் விரல் நுனியால் தொடுங்கள். அணைக்காமல் தொட்டால் ரேடியோ அலை சுடும். அந்தப் புண் ஆழமாக இருக்கும், ஆறவும் நாளாகும். சூடாக இருக்கும் பாகத்தில்தான் உங்கள் வாட் இருக்கிறது. வெப்பப்படக் கருவி இல்லாதவர்களுக்கு விரல்தான் கருவி.

---

மோர்ஸ்விசை | திங்கள், இரவு 10:25

தொட்டேன். ஹீட் சிங்க் சூடு, அது தெரிந்ததே. வார்ப்புச் சுருள் அதைவிடச் சூடு! தொடர் மின்தேக்கியின் மேல்பூச்சிலிருந்து லேசாக மெழுகு வாசனை வருகிறது. மூன்று வாரமாக வந்த வாசனைதான். சாலிடர் பசையின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1என்4007-உம் வெதுவெதுப்பு.

டிரான்சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

---

பழையவால்வு | செவ்வாய், காலை 5:50

அம்மையார் கணக்குக்கு வணக்கம். ஆனாலும் ஒரு கேள்வி. இந்தப் பாடெல்லாம் பட்டு ஈ வகுப்பு கட்டினால் மோர்ஸ் மட்டும்தானே அனுப்ப முடியும்? அஷ்ஹர் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் வகைச் சுற்றில் அதே ஐஆர்எஃப்510 நேரியல் பெருக்கியாக நின்று குரலையும் அனுப்புகிறது. நான் அதில் நாடு முழுக்கப் பேசுகிறேன். 54 விழுக்காடு என்று அழுகிறார் தம்பி. என் பெட்டி அவ்வளவு கூடத் தராது. குறையொன்றும் இல்லை.

---

மலையேறி | செவ்வாய், காலை 7:05

ஐயா, உங்கள் பெட்டி சுவர் மின்சாரத்தில் இருக்கிறது. நான் பேட்டரியைத் தோளில் சுமந்து மலை ஏறுகிறேன். விசை அழுத்தும்போது 0.7 ஆம்பியரா 0.5 ஆம்பியரா என்பது எனக்குக் கிலோ கணக்கில் தெரியும். ஹீட் சிங்கும் எடைதான்.

---

ஐந்தொகை | செவ்வாய், காலை 8:40

பழையவால்வு ஐயா சொல்வது நியாயமான மறுப்பு. நேரியல் பெருக்கியில் டிரான்சிஸ்டரின் மேல் மின்னழுத்தமும் ஊடே மின்னோட்டமும் ஒரே நேரத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த இரண்டின் பெருக்கல்தான் வெப்பம். பி வகுப்பின் கணித உச்சமே 78.5 விழுக்காடு. ஈ வகுப்பில் ஒன்று இருக்கும்போது மற்றது இருக்காது. அதற்கு விலையாக உள்ளீட்டின் வீச்சு வெளியீட்டில் தெரியாமல் போகிறது. சுவிட்ச் என்றால் உண்டு அல்லது இல்லை, இரண்டில் ஒன்று.

ஆனால் குரல் முடியவே முடியாது என்பதில்லை. வீச்சை வேறு பாதையில் கொடுக்கலாம்: மின்வழங்கியின் மின்னழுத்தத்தையே குரலுக்கேற்ப ஏற்றி இறக்குவது. லியனார்ட் கான் 1952-இலேயே இதைச் சொல்லிவிட்டார். உறையை (அலையின் வீச்சு ஏறி இறங்கும் வடிவை) பிரித்தெடுத்து, மீதியுள்ள அலையின் கட்டத்தை (phase) மட்டும் திறமையான பெருக்கியில் பெருக்கி, கடைசியில் உறையைத் திரும்பப் போர்த்துவது. அமெரிக்க ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) 80 மீட்டரில் ஈ வகுப்பையும் துடிப்பகலப் பண்பேற்றியையும் சேர்த்து ஏஎம் ஒலிபரப்புகிறார்கள்.

மோர்ஸுக்கும் இந்தப் பாடம் வேண்டும். சுவிட்ச் பெருக்கியை நேரடியாக வெட்டி வெட்டி இயக்கினால் பக்கத்து அலைவெண்களில் ‘டக் டக்’ என்று அடிக்கும். மின்வழங்கியைச் சில மில்லிநொடிகளில் மெதுவாக எழுப்பி இறக்க வேண்டும். மோர்ஸ்விசை அதைச் செய்திருக்கிறாரா?

---

மோர்ஸ்விசை | செவ்வாய், காலை 9:02

செய்திருக்கிறேன் அம்மா. டிரெயின் மின்வழங்கியில் ஒரு பி-வாய்க்கால் மாஸ்ஃபெட், கேட்டில் தடையமும் மின்தேக்கியும். அது ஒன்றுதான் முதல் தடவையே சரியாக வந்தது.

---

பொட்டல்காடு | செவ்வாய், மதியம் 1:15

அப்படியானால் 1என்4007 எதற்கு? இன்னொரு பி-வாய்க்கால் மாஸ்ஃபெட்டைத் திருப்பிப் போட்டுத் தலைகீழ்க் காப்பாக்கிவிடுங்கள். இழப்பு மில்லிவாட் கணக்கில் இறங்கிவிடும். அல்லது ஃபியூஸ் போட்டு, டயோடைக் குறுக்கே தலைகீழாக வையுங்கள்; தவறாக இணைத்தால் ஃபியூஸ் போகும், மற்ற நேரம் டயோடு சும்மா இருக்கும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐஆர்எஃப்510-ஐத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்று பிஎஸ்170-ஐ இணையாக வையுங்கள். ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்த கியூசிஎக்ஸ் என்ற மோர்ஸ் வானொலிப் பெட்டியில் இருப்பது அதுதான்: மூன்று பிஎஸ்170, ஈ வகுப்பு, 5 வோல்ட் லாஜிக் சில்லிலிருந்து நேரடி ஓட்டம். தொடக்க மின்னழுத்தம் 2 வோல்ட் அளவில். ஒன்றின் வெளியீட்டு மின்தேக்கம் 17 பிகோஃபேரட், மூன்றுக்கும் சேர்த்து 51. பெரும்பகுதி மின்தேக்கத்தை நீங்கள் நல்ல மின்தேக்கியாக வெளியே வைக்கலாம். விலையும் சில ரூபாய்.

---

மலையேறி | செவ்வாய், மதியம் 2:30

எதிர்க்கிறேன். பிஎஸ்170 தாங்குவது 60 வோல்ட். ஈ வகுப்பில் டிரெயின் உச்சம் மின்வழங்கியைப் போல 3.56 மடங்கு. 12 வோல்ட்டுக்கு 43 வோல்ட். பேட்டரி முழுதாக நிறைந்து 13.8 இருந்தால் 49. இதெல்லாம் சுமை ஒழுங்காக 50 ஓம் இருக்கும்போது. மலையில் காற்றடித்து ஆன்டெனா ஒரு பக்கம் அவிழ்ந்தால் சுமை எங்கேயோ போகும், உச்சமும் எங்கேயோ போகும். நான் மூன்று பிஎஸ்170-ஐ ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இழந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே வெப்பம் தாங்கும் குட்டி உறை. ஐஆர்எஃப்510 100 வோல்ட் தாங்கும், மன்னிக்கும் குணம் உள்ளது. அதற்கு 10 வோல்ட் ஓட்டும் நல்ல கேட் ஓட்டி ஒன்று கொடுத்தால் போதும்.

---

பொட்டல்காடு | செவ்வாய், மதியம் 2:48

கேட் ஓட்டிக்கு 0.58 வாட் என்று அம்மா மேலேயே எழுதியிருக்கிறார். 5 வாட் பெட்டியில் அது ஒன்பதில் ஒரு பங்கு. காப்பு வேண்டுமானால் டிரெயினில் 47 வோல்ட் ஜீனர் (அந்த மின்னழுத்தத்தைத் தாண்டினால் கடத்தும் டயோடு) வையுங்கள்.

---

மலையேறி | செவ்வாய், மதியம் 3:05

13.8 வோல்ட்டில் இயல்பான உச்சமே 49 என்று இப்போதுதான் சொன்னேன். உங்கள் ஜீனர் ஒவ்வொரு சுழற்சியிலும் கடத்தி, அடுத்த ஹீட் சிங்காகிவிடும்.

---

ஐந்தொகை | செவ்வாய், இரவு 8:15

இருவரும் சரி, இருவருக்கும் பெட்டி வேறு. மோர்ஸ்விசை வீட்டு மேசையில், நிலைப்படுத்திய 12 வோல்ட்டில் ஓட்டுகிறார். அவருக்கு ஜீனரோடு பிஎஸ்170 பொருந்தும். ஜீனரின் சந்தி மின்தேக்கமும் டிரெயின் மின்தேக்கக் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மலைக்குப் போகிறவர் 510-ஓடு இருக்கட்டும்.

மோர்ஸ்விசை, உங்கள் மதிப்புகளை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட், 5 வாட், தரக்காரணி 5. ஆய்வாளர் ராப் 1977-இல் கொடுத்த இலட்சிய வாய்பாடு சுமைத்தடை 16.6 ஓம் என்கிறது. அது முடிவிலித் தரக்காரணிக்கு. சோகல் பின்னாளில் கொடுத்த திருத்தத்தைச் சேர்த்தால் 14.9 ஓம். டிரெயின் மின்தேக்கம் 319, சோக் சுருள் (மின்வழங்கியிலிருந்து டிரெயினுக்கு வரும் பாதையில் உள்ளது) 20 மைக்ரோஹென்றி என்றால் இன்னொரு 15, ஆக 334 பிகோஃபேரட். இதில் டிரான்சிஸ்டரின் பங்கும் அடக்கம். தொடர் மின்தேக்கி 410. தொடர் சுருள் 1.68 மைக்ரோஹென்றி, அதோடு 14.9-ஐ 50 ஓமாக ஏற்றும் பொருத்தச் சுருளின் 0.52. மொத்தம் 2.2. நீங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். பாகம் வாங்கும்போதுதான் வழுக்கியிருக்கிறீர்கள்.

மூன்று பிஎஸ்170-க்கு வெளியே 270 பிகோஃபேரட், என்பிஓ (இழப்பு குறைந்த செராமிக்) அல்லது சில்வர் மைக்கா. அங்கிருந்து தொடங்கி அலைகாட்டியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பள்ளம் பூஜ்யத்தைத் தொடாமல் மேலே நின்றால் டிரெயின் மின்தேக்கியைக் குறையுங்கள், அல்லது தொடர்ச் சுருளை ஒரு சுற்றுக் கூட்டுங்கள். நேரத்துக்கு முன்பே பூஜ்யத்துக்குக் கீழே போய் உள் டயோடு கடத்தினால் எதிர்த்திசையில் போங்கள்.

சுருளை நீங்களே சுற்றுங்கள். டி50-2, சிவப்பு நிற இரும்புத்தூள் வளையம், 21 சுற்று. வளையத்தை முழுச் சுற்றும் நிரப்பிவிடாதீர்கள். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும். சுற்றுகளை நெருக்கினால் தூண்டம் கூடும், பரப்பினால் குறையும். அதுவே உங்கள் நுண்திருத்தம்.

---

மோர்ஸ்விசை | சனி, இரவு 11:30

மன்னிக்கவும், வளையம் தபாலில் வர மூன்று நாளாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி அளந்தேன்.

ஆரம்பம்: 12.0 வோல்ட், 0.71 ஆம்பியர், 4.6 வாட். 54 விழுக்காடு.

1என்4007-ஐ எடுத்துவிட்டு, டிரெயினில் முன்பிருந்த அதே மின்னழுத்தம் கிடைக்கும்படி மின்வழங்கியை 11.2-க்கு இறக்கினேன். வெளியீடு மாறவில்லை, உள்ளீடு 8.0 வாட். 58 விழுக்காடு. ஒரு நிமிட வேலைக்கு நான்கு புள்ளி!

வார்ப்புச் சுருளை எடுத்து டி50-2 வளையம். 21 சுற்று சுற்றினேன், அலைவடிவம் பார்த்து மூன்று சுற்றுகளை லேசாகப் பரப்பினேன். விரலால் தொட்டால் குளிர்ச்சி. இத்தனைக்கும் பழைய சுருள் இருந்த இடத்தில் பலகை பழுப்பேறியிருந்தது, அதையும் இப்போதுதான் கவனித்தேன்.

இரண்டு மின்தேக்கிகளும் என்பிஓ ஆனபின் மெழுகு வாசனை போய்விட்டது.

கடைசியாக மூன்று பிஎஸ்170. வெளியே 270-ஓடு தொடங்கினேன். முதலில் பள்ளம் 6 வோல்ட்டில் நின்றது. ஜீனரின் மின்தேக்கத்தை மறந்தேன் (ஆம், எச்சரித்த பிறகும்). 220-க்கு இறக்கியதும் அலை தரையை மெல்லத் தொட்டது. செங்குத்து விளிம்பு காணாமல் போனது. தரைக்கம்பியைச் சுருக்கியபின் நடுக்கமும் இல்லை. பொட்டல்காடு அண்ணா சொன்னது சரி.

இப்போது மின்வழங்கி மறுபடி 12.0 வோல்ட், 0.50 ஆம்பியர், டம்மி லோடில் 22.3 வோல்ட் உச்சம். 6.0 வாட் உள்ளே, 5.0 வாட் வெளியே. 83 விழுக்காடு.

முன்பு 3.9 வாட் எரிந்த இடத்தில் இப்போது 1 வாட். ஹீட் சிங்க் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பிஎஸ்170-இல் அதைப் பொருத்த இடமே இல்லை.

---

பொட்டல்காடு | சனி, இரவு 11:41

அலைவடிவத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது கெட்டால், எது சரி என்று நினைவிருக்காது.

---

ஐந்தொகை | ஞாயிறு, காலை 6:30

நன்று. ஒவ்வொன்றாக மாற்றி அளந்ததற்குத் தனி மதிப்பெண். மிச்சமுள்ள 1 வாட்டுக்கும் கணக்கு வந்துவிடுகிறது: ஃபில்டரில் 0.35, மூன்று பிஎஸ்170-இன் உள்தடையில் 0.28 அளவு, வளையச் சுருளில் 0.16. மீதம் சோக், மின்வழங்கியை எழுப்பி இறக்கும் மாஸ்ஃபெட், கம்பிகள். 90 வேண்டுமானால் அடுத்துத் தொட வேண்டியது லோ பாஸ் ஃபில்டர். அதில் என்ன வளையம் இருக்கிறது?

---

மோர்ஸ்விசை | ஞாயிறு, காலை 6:52

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதிலும் மூன்று வார்ப்புச் சுருள்கள்.

---

ஐந்தொகை | ஞாயிறு, காலை 6:55

அப்படியானால் 0.3 டெசிபெல் என்று நான் போட்டது உங்களுக்குச் சலுகை. உண்மை இழப்பு அதைவிடக் கூடுதலாகவும், மற்றவை நான் நினைத்ததைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மூன்று வளையம் வாங்குங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். ஆனால் முன்னால் அளக்கும்போது இசையலைகள் (அடிப்படை அலைவெண்ணின் மடங்குகள்) உச்ச அளவியை ஏமாற்றும், அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

---

பழையவால்வு | ஞாயிறு, காலை 7:20

தம்பி, அந்தச் சிவப்பு வளையத்தின் எண்ணை மறுபடி சொல்லுங்கள். டி50-2 தானே? எத்தனை வாங்கினால் தபால் செலவு கட்டுப்படியாகும்? கேட்டுத்தான் வைக்கிறேன்.